பதினாலாம் மாடியில் ஒரு மரம்

என் அத்தானை எனக்கு அடியிலிருந்துதான் நன்றாகத் தெரியும். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். பூட்ஸின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வரைந்து தருகிறேன். இடது காலில் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும். வலது காலின் நடுப்பள்ளத்தில் ஒரு பழைய சூயிங்கம் ஒட்டியிருக்கும். அது எந்தத் தெருவில் ஒட்டியதென்று அவருக்கே தெரியாது. அவர் எங்கே தன் பூட்ஸின் அடியைப் பார்த்தார்? இருபது வருஷமாக அதைப் பார்ப்பது நான்தான்.

அத்தான் மரம் ஏறி வேலை செய்கிறவர். காய்ந்த கிளை, கூரையில் உரசுகிற கிளை, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூட்டுகிற கிளை எல்லாவற்றையும் கழிப்பார். நான் அவருக்குக் கீழாள். கீழாள் என்றால் கீழே நிற்கிற ஆள், அவ்வளவுதான். கயிற்றைப் பிடிப்பது, விடுவது, விழுந்ததை இழுத்துப்போடுவது, வீட்டுக்காரரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் தலையில். பாராட்டு மட்டும் மேலே போய்விடும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அக்கா முறைப்பாள், ஏனென்றால் அவள் அவருக்குப் பெண்டாட்டி. எனக்குக் கூடப்பிறந்தவள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோகும்.

ஒரு வீட்டுக்குப் போனதும் அத்தான் யாரிடமும் பேசமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு கைரம்பத்தின் பிடியால் அடிமரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே பொக்காக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதற்கப்புறம் குண்டுப் பையை எடுப்பார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பை, உள்ளே ஈயக் குண்டு, வாலில் மெல்லிய நூல். அதை வீசி உயரத்தில் ஒரு கவட்டையைத் தாண்டவைத்து, அந்த நூலின் முனையில் கட்டித் தடிக் கயிற்றை மேலே ஏற்றுவோம். நன்றாக வீசுவார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒருதரம் பை தவறிப்போய்ப் பக்கத்து வீட்டு மாடியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு வக்கீலின் துண்டைப் பறித்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, அவரிடம் இன்னொரு துண்டும் இருந்தது.

இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட், கொக்கிகள், ஹெல்மெட், காதுமூடி எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு ஒவ்வொரு கொக்கியையும் 'டிக்' என்று மூடி, "கேட்டுச்சா?" என்பார். "கேட்டுச்சு" என்பேன். எல்லாக் கொக்கிக்கும் இதேதான். எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் நான் சொல்லாவிட்டால் அவர் கால் தரையை விட்டுக் கிளம்பாது.

எங்கள் வேலையில் இரண்டு கூப்பாடு உண்டு. மேலேயிருந்து எது விழப்போனாலும் அவர், "கீழே!" என்று கத்துவார். அந்தச் சத்தம் காதில் விழுந்த நொடி நான் கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு, தலைமேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்காமல் ஓட வேண்டும். அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைப்பவனுக்கு மூக்கு மிஞ்சாது. தள்ளிப்போய் நின்று, "ஆச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். என் 'ஆச்சு' வந்த பிறகுதான் அவர் ரம்பம் கிளையைத் தொடும்.

இது மூளைக்குப் போகாமலே காலுக்குப் போய்விட்ட பழக்கம். ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறைப் பரணிலிருந்து ஒரு தட்டு சரிவதைப் பார்த்து அத்தான், "கீழே!" என்றார். நான் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடி, வேலியருகே நின்று "ஆச்சு!" என்றேன். திரும்பி வந்தபோது என் தட்டில் பூனை வாய் வைத்திருந்தது. யாரும் எனக்காக வருத்தப்படவில்லை.

கயிறு இன்னொன்றும் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதன் நுனி என் கையில் இருந்தால் மேலே இருப்பவரின் மனசு எனக்குத் தெரியும். கோபமாக இருந்தால் கயிறு வெடுக்கென்று இழுபடும். பாட்டு முணுமுணுத்தால் லேசாக ஆடும். பயந்தால் உள்ளுக்குள்ளே நடுங்கும். அத்தானின் கயிறு நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் மரத்தை விட்டு இறங்கமாட்டார். கயிறுகளைக் குளியலறைத் தொட்டியில் சோப்புப் போட்டு அலசி, ஹாலிலிருந்து படுக்கையறை வரைக்கும் காயப்போடுவார். அக்கா குனிந்து குனிந்தே வீட்டுக்குள் நடப்பாள். "இந்த வீட்டுல என் துணி காய ஒரு கொடி இல்ல, உங்க கயிறு காய மூணு ரூம் வேணும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். எங்காவது நைந்திருந்தால் அந்தக் கயிற்றுக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வுபெற்ற கயிறுகள் வீட்டில் வேலைக்குச் சேரும். பழைய பேப்பர் கட்டு, பை கைப்பிடி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு என எல்லாவற்றிலும் முடிச்சு. அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. அவர் வேலைக்குப் போன பிறகு பால் வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

பொழுதுபோக்கு என்று கேட்டால், கரண்டி செதுக்குவார். கழித்த கிளையில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்து கத்தியால் சீவுவார். நூற்றுக்கணக்கில் செதுக்கியும் ஒரு கரண்டிகூட நேராக வரவில்லை. "மரத்தோட போக்குலதான் போகணும்" என்பார். மரத்தின் போக்கு எப்போதும் குழம்பு சட்டைமேல் கொட்டுகிற பக்கமாகவே இருக்கும். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கரண்டி இருக்கிறது. வாங்கும்போது "ஆஹா" என்பார்கள். அப்புறம் முதுகு சொறிவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தானைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. கயிறு கட்டாவிட்டால் அவருக்கு உயரம் என்றால் பயம். சும்மா பயமில்லை, வெலவெலத்துப்போவார். காற்றில் ஆடுகிற உச்சிக்கிளையில் நின்று கொட்டாவி விடுகிற மனுஷன், பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி பல்ப் மாற்றச் சொன்னால், "அந்த இருட்டே கண்ணுக்கு நல்லதுதான்" என்பார். அந்த வீட்டில் பல்ப் மாற்றுவது, பரணில் பெட்டி வைப்பது, ஒட்டடை அடிப்பது எல்லாம் அக்காதான். கயிறு இல்லாமல் கால் உயரக்கூடாது என்று இத்தனை வருஷம் உடம்பைப் பழக்கிவிட்டார். உடம்பும் சொன்னபேச்சைக் கேட்டுக்கொண்டது.

இது எங்களுக்குள்ளேயே இருந்திருக்கும். குட்டிக்கு மட்டும் காதல் வராமல் இருந்திருந்தால்.

குட்டி என்பது அத்தானின் ஒரே மகள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள், ஆனாலும் எங்களுக்குக் குட்டிதான். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அந்தக் கடையில் வேலை செய்யும் பையனோடு பேசியிருக்கிறாள். கண்ணாடி ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. இவள் மட்டும் ஆறு மாசம் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பையன் தங்கமானவன். ஒரே குறை, வாய் கொஞ்சம் நீளம். தன் அம்மாவிடம் வருங்கால மாமனாரைப் பற்றி அளந்து விட்டிருக்கிறான். ஒற்றைக் கையில் தொங்குவார், மின்னல் அடிக்கும்போதும் இறங்கமாட்டார், பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றெல்லாம்.

பையனின் அம்மா முதலில், "மரத்துல தொங்கற குடும்பத்துலயா பொண்ணு எடுக்கறது?" என்று முகத்தைச் சுளித்தாராம். பையன் அளந்ததில் மனசு கொஞ்சம் இளகி, "சரி, அந்த தைரியசாலியை ஒருநாள் டீக்கு வரச் சொல்லு. ஆளைப் பார்த்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். வீடு பதினாலாம் மாடி. டீ எங்கே தெரியுமா? பால்கனியில்.

குட்டி இதைச் சொன்னபோது அத்தான் கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றுவிட்டது.

"உள்ளே உட்கார்ந்து குடிக்கக்கூடாதா?" என்றார்.

"அப்பா, அவங்க உங்களுக்காகவே அங்க ஏற்பாடு பண்றாங்க. உயரம்னா உங்களுக்கு உயிர்னு அவன் சொல்லி வெச்சிருக்கான். ஒரே ஒரு மணி நேரம், சாதாரண மனுஷன் மாதிரி இருங்கப்பா. அவங்க சரின்னு சொல்லணும்ப்பா." குட்டியின் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெண் சின்ன வயசில் கீழே விழுந்து முட்டி பெயர்ந்தபோதுகூட அழாதவள்.

அவள் போன பிறகு அத்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மச்சான், உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொல்லுங்க. நாளைக்கே ஊர் முழுக்கப் பரவிடும். மரக்காரனுக்கு உயரம்னா பயமாம்னு சிரிப்பாங்க. அப்புறம் யாரு நம்மளைக் கூப்பிடுவாங்க?" என்றேன். யோசனை கேட்டால் நான் உடனே சொல்லிவிடுவேன். அது நல்ல யோசனையா என்று பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.

அத்தான் ரொம்ப நேரம் கயிற்று மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப கட்டிக்கிட்டே போயிடலாம்" என்றார்.

அந்த நாளும் வந்தது. அத்தான், அக்கா, குட்டி, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம். அத்தான் தொளதொள பேண்ட் போட்டு அதற்கு மேல் முழங்கால்வரை நீண்ட சட்டை போட்டிருந்தார். உள்ளே பெல்ட். கயிறு ஒரு பரிசுப் பையில், அதற்குமேல் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு கரண்டி. நடந்தபோது இடுப்பில் கிண்கிண் என்று சத்தம் வந்தது.

"மாமா, அப்பா நடந்தா ஏன் சத்தம் வருது?" என்று குட்டி லிஃப்ட்டில் என் காதைக் கடித்தாள்.

"சாவிக்கொத்து" என்றேன்.

"நம்ம வீட்டுக்கு ஒரு சாவிதானே இருக்கு?"

நல்லவேளை, பதினாலாம் மாடி வந்துவிட்டது.

கதவைத் திறந்தது பையனின் அம்மா. உயரமானவர், கணீர் குரல், சிரிப்பதற்கு முன் ஆளை அளந்து பார்க்கிற கண். அவருக்குப் பின்னால் பையன், அவன் பக்கத்தில் அவனுடைய அப்பா. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சு ரொம்பக் குறைவு. கைகுலுக்கிவிட்டு மணியைப் பார்த்தார், நாங்கள் சரியான நேரத்துக்கு வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி தெரிந்தது.

ஹாலுக்கு அப்பால் கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் பால்கனி. பால்கனியின் தடுப்பும் கண்ணாடி. அதைப் பார்த்ததும் அத்தானின் முகத்தில் ரத்தம் இல்லை. செங்கல் சுவராவது இருக்கும் என்று நம்பி வந்திருந்தார் பாவம்.

உடனே அவர் தன் தொழிலை ஆரம்பித்தார். கயிற்றை எதில் கட்டுகிறோமோ அதை நம்பித்தான் உயிர் என்பார். அதனால் வீட்டுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார். தூணைத் தட்டினார். சோபாவை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார், அது வழுக்கியது. கண்ணாடிப் பாத்திரங்கள் வைத்த பெரிய மர அலமாரியைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"அது போன வருஷம்தான் வாங்கினோம்" என்றார் பையனின் அம்மா, குரலில் கொஞ்சம் உறைப்போடு.

"உள்ள பொக்கு" என்றார் அத்தான்.

அக்கா அவர் கையை அழுத்திக் கிள்ளியதை நான் பார்த்தேன். பையனின் அம்மா உதட்டை மடித்துக்கொண்டார். குட்டி என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

எல்லோரும் பால்கனியை நோக்கி நகர்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அத்தான் என்னைச் சோபாவின் ஓரத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். குனிந்து, "வேற வழியில்ல மச்சான். நீதான் மரம்" என்றார். கயிற்றின் ஒரு நுனி என் இடுப்பைச் சுற்றிச் சட்டைக்குள் போனது. மறு நுனி அவர் முதுகுப்பக்கம் சட்டைக்குள். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் என்னை வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். குறைக்காமல் இருந்தது குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் உதவியது. கயிறு பளீரென்ற ஆரஞ்சு நிறம். ஒரு திண்டை அதன்மேல் போட்டேன்.

பால்கனியில் ஒரு குட்டி மேஜை, நாற்காலிகள். அங்கே எப்போதும் இருப்பவை இரண்டுதான் போலிருந்தது, மற்றவை சமையலறையிலிருந்து வந்தவை. அந்த இரண்டில் ஒன்றில் பையனின் அம்மா உட்கார்ந்தார். இன்னொன்றின்மேல் ஒரு பூந்தொட்டி இருந்தது. அதை இறக்கிவைத்து, தூசி தட்டி, அத்தானுக்குக் கொடுத்தார். தொட்டி ரொம்ப நாள் இருந்ததற்கு அடையாளமாக நாற்காலியில் வட்டமாக ஒரு கறை.

அத்தான் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். காலை எடுத்துவைத்தார். கயிறு என் கையில் இறுகியது. உட்கார்ந்தார்! அக்காவும் குட்டியும் மூச்சை விட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது.

"நீங்களும் வெளியே வாங்களேன்" என்று பையனின் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு இங்கேயே சௌகரியம்மா" என்றேன்.

"இவரு மாதிரிதான் நீங்களும்" என்று வீட்டுக்காரரைக் காட்டினார். "இவருக்கு வெயில் ஆகாது. கண்ணு கூசுமாம்."

ரயில்காரர் கதவின் உள்பக்கம், என் பக்கத்தில், டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே மேகமூட்டம். எனக்கு அது உறைக்கவில்லை, என் கவலை எனக்கு. அவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஆரஞ்சுக் கயிறு திண்டுக்கு வெளியே தலைகாட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்வை கயிற்றோடு மெதுவாகப் போய் அத்தானின் சட்டை வரை சென்றது. அங்கிருந்து திரும்பி என் இடுப்புக்கு வந்தது. பிறகு என் முகத்துக்கு. நான் பல்லைக் காட்டினேன். அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

பால்கனியில் பேச்சு நன்றாகவே போனது. அத்தான் மரக்கதை சொன்னார். வக்கீலின் துண்டுக் கதைக்குப் பையனின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அத்தானுக்குத் துணிச்சல் வந்து கரண்டியை எடுத்து, காகிதத்தைப் பிரித்து நீட்டினார்.

"நானே செதுக்கினது" என்றார்.

"ஆஹா" என்றார் அவர். எல்லோரும் சொல்கிற அதே ஆஹா. கரண்டியைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, அது நேராகத் தெரிகிற ஒரு கோணத்தைத் தேடினார். தேடிய வேகத்தில் கரண்டி கைநழுவி, தடுப்பைத் தாண்டிப் போய்விட்டது.

அத்தான் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இருபது வருஷச் சத்தம்.

"கீழே!"

நான் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்கள். இது என் குற்றமா? என் மூளை சோபாவில்தான் உட்கார்ந்திருந்தது. கால் எழுந்துவிட்டது. தலைமேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்காமல், சமையலறையை நோக்கி ஓடினேன். இடுப்பில் ஏதோ கனமாக இழுத்தது. கனமான கிளையை இழுத்துப் பழகியவன் நான், முன்னால் சாய்ந்து இன்னும் பலமாக ஓடினேன். பின்னால் தடதடவென்று என்னென்னவோ உருண்டன. சமையலறைச் சுவரில் முட்டி நின்று, பழக்கம் விடாமல், உரக்கக் குரல் கொடுத்தேன்.

"ஆச்சு!"

திரும்பிப் பார்த்தேன்.

ஹாலின் நடுவில் அத்தான் நாற்காலியோடு மல்லாந்து கிடந்தார். சட்டை கழுத்துக்கு ஏறியிருந்தது. பெல்ட், கொக்கி எல்லாம் ஊருக்கே தெரிந்தது. அவர் இடுப்பிலிருந்து என் இடுப்புவரை ஆரஞ்சுக் கயிறு விறைப்பாக நின்றது. கோப்பை கையிலேயே இருந்தது, டீ மட்டும் அவர் மார்பில். வாசலில் பையனின் அம்மா, அக்கா, பையன், குட்டி. குட்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன இது?" என்றார் பையனின் அம்மா.

"சாவிக்கொத்து" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது.

அத்தான் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை. "அம்மா, எவ்வளவு பெரிய மரமானாலும் ஏறுவேன். கயிறு இருக்கும், கீழே இவன் இருப்பான். கயிறு இல்லாம ஒரு ஸ்டூல் மேல நிக்கக்கூட எனக்குத் தெம்பு கிடையாது. உங்க பையன் சொன்ன ஆளு நான் இல்ல. இதைச் சொன்னா என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு மறைச்சேன். தப்பு என்னோடது. கயிறு கட்டிக்கிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது" என்றார்.

குட்டி கையை எடுத்துவிட்டு ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பையனின் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த நேரம் அழைப்புமணி அடித்தது. வாட்ச்மேன். கையில் கரண்டி.

"இது இங்கேருந்தா விழுந்துச்சு? யாரோ ஒருத்தர் மேலேருந்து கீழேன்னு கத்தினாங்க. என்னமோ ஏதோன்னு ஒதுங்கினேன். நான் நின்ன இடத்துலயே வந்து விழுந்துச்சுங்க. கத்தலேன்னா என் மண்டை போயிருக்கும்" என்றார். கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விழுந்ததுல கொஞ்சம் கோணிப்போச்சு" என்று வருத்தத்தோடு கொடுத்தார்.

"அது முன்னாடியே அப்படித்தான்" என்றாள் அக்கா.

வாட்ச்மேன் போனதும் ரயில்காரர் கோப்பையை மேஜைமேல் வைத்தார். தொண்டையைக் கனைத்தார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"இன்னொரு கயிறு இருக்குங்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் மனைவியை மட்டும் பார்த்தார்.

"வெயில் இல்ல" என்றார். "ரெண்டு வருஷமா வெயில் இல்ல. எனக்கு அங்க வந்தா காலு நிக்கல. தண்டவாளத்துலயே இருந்தவன் நான். நீ ஆசைப்பட்டு வாங்கின வீடு, எப்படிச் சொல்றது?"

பையனின் அம்மா பூந்தொட்டி இருந்த நாற்காலியைப் பார்த்தார். அது ஹாலின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. "அதை உங்களுக்குன்னுதான் வாங்கினேன்" என்றார். கணீர் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ரெண்டு வருஷமா தனியா உட்கார்ந்து டீ குடிக்கறேன். என்கூட உட்காரப் பிடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டேன். வெயில்னு சொன்னீங்க. ராத்திரிலகூட வெயில்னு சொன்னீங்க."

அத்தான் எழுந்தார். இது அவர் வேலை. வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு வெட்கமெல்லாம் ஓடிவிடும். தன் பெல்ட்டைக் கழற்றி ரயில்காரருக்கு மாட்டினார். ஒவ்வொரு கொக்கியாக 'டிக்' என்று மூடினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் ரயில்காரர், ரொம்பப் பொறுப்பாக.

"இவன் நல்ல மரம். பொக்கு இல்ல" என்று என்னைக் காட்டினார். இருபது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டான். நான் சோபாவில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டேன். "டேய், யாராவது கத்தினா எழுந்திராதே" என்று அக்கா என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டாள்.

ரயில்காரர் வாசலைத் தாண்டினார். கயிறு நடுங்கியது. அப்படி ஒரு நடுக்கம் என் கைக்கு இதுவரை வந்ததே இல்லை. முதுகு விறைக்க நடந்து, கையால் தேடி நாற்காலியைப் பிடித்து, உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். பையனின் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு நின்றது. எனக்குத்தான் அது முதலில் தெரிந்தது, அவர் பெண்டாட்டிக்குக்கூட இல்லை.

"கண்ணைத் திறங்க. தூரத்துல பாலத்து மேல ரயில் போகுது" என்றார் பையனின் அம்மா.

ரயில்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை. ரயில் போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு நிமிஷம் லேட்டு" என்றார்.

பையனின் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அப்படியே உள்ளே திரும்பி, "சம்பந்தி, உங்க ரெண்டு பேருக்கும் என்னிக்கு வசதின்னு சொல்லுங்க. தேதி பார்த்துடலாம்" என்றார். குட்டி தன் அப்பாவின் ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தானுக்குக் காது வரை சிரிப்பு.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைச் சம்பந்தி வீட்டில் டீக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் அதைப் பாசம் என்கிறார்கள். நான் போய்ச் சோபாவில் என் இடத்தில் உட்கார்வேன். ஒரு கயிறு அத்தானுக்கு, ஒரு கயிறு ரயில்கார சம்பந்திக்கு, இரண்டும் என் இடுப்பில். சுவரில் ஒரு இரும்பு வளையம் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்துவிட்டேன். "சுவரை எப்படி நம்பறது?" என்கிறார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

வெளியே பேச்சும் சிரிப்பும் கேட்கும். கயிறு இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு டீ கொடுக்க மட்டும் இதுவரை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.